ஆங்கிலம் கதைக்கும் வட்டம்: கேட்பதும் கேட்காமல் விடுவதும்

"நீங்கள் சிறுவயதில் வாழ்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்."

பிரித்தானியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச மாணவர்களுக்கான ஆங்கில உரையாடல் வட்டத்தை முதன்முதலாக நடத்திய அன்று நான் கேட்ட முதல் கேள்வி இது. நான் சொந்தமாக யோசித்து எடுத்த கேள்வி அல்ல. இப்படியான வட்டங்களுக்கென்று அச்சடித்த தாளில் முதலாவதாக இருந்தது. பார்த்தால் எந்தத் தீங்கும் இல்லாத கேள்வி. பிரேசில் மாணவி தன் அம்மம்மா வீட்டு மாமரத்தைப் பற்றிச் சொன்னார். சீன மாணவர் பதினேழாம் மாடியில் இருந்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அடுத்து அலெப்போவில் இருந்து வந்த சிரிய மாணவரின் முறை. "ஒரு வீடு இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

அவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உதவி செய்வதாக எண்ணி மேலும் கேட்டேன். எத்தனை அறைகள்? தோட்டம் இருந்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சொல்லில் பதில் வந்தது. அடுத்த வாரம் அவர் வரவில்லை.

இரவு அறைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அதே கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? 2010 இல் மீளக்குடியேறப் போனபோது எங்கள் வளவைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். எட்டு இடங்களுக்கு இடம்பெயர்ந்த நான், இன்னொரு போரில் இருந்து வந்தவரிடம் போய் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று எங்கள் பிள்ளைகள் பலர் படிப்புக்காக இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேர்னுக்கும் போகிறார்கள். அங்கே இப்படியான வட்டங்களில் சிலர் பங்குபற்றுவார்கள். சிலர் ஒருநாள் அவற்றை நடத்தவும் செய்வார்கள். இவை எப்படி இயங்குகின்றன, எது பேச்சை வளர்க்கிறது, எது வாயை அடைக்கிறது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பரீட்சையில் சித்தி, கன்ரீனில் மௌனம்

ஆங்கிலம் பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள், பொது நூலகங்கள், தேவாலய மண்டபங்கள் எனப் பல இடங்களில் வாரத்துக்கு ஒரு தடவை உரையாடல் வட்டங்கள் கூடுகின்றன. பெரும்பாலும் கட்டணம் இல்லை. பாடத்திட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஏழெட்டுப் பேர் இருந்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். ஒருவர் வழிநடத்துவார். அவர் பயிற்றப்பட்ட ஆசிரியராக இருக்கலாம். பல வேளைகளில் இன்னொரு மாணவராகவோ தொண்டராகவோ இருப்பார்.

ஆங்கிலத் தகைமை காட்டித்தானே பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள், பிறகு எதற்கு இந்த வட்டம் என்று கேட்கலாம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரைதான். எதிரே ஒரேயொரு பரீட்சகர். அவர் கேட்பார், நீங்கள் பதில் சொல்வீர்கள். இரண்டாம் பகுதியில் ஒரு தலைப்பைத் தந்து, ஆயத்தம் செய்ய ஒரு நிமிடம் தருவார்கள். அதன் பிறகு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். குறுக்கே யாரும் பேசப்போவதில்லை. பகிடி விடப்போவதில்லை. பாதியில் தலைப்பு மாறப்போவதும் இல்லை.

வளாகத்துக் கன்ரீன் அப்படியல்ல. ஐந்து பேர் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். ஒருவர் சொன்னது விளங்கி, பதிலை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அடுக்கிய வசனம் தொண்டையிலேயே நின்றுவிடும். இப்படி நாலு தடவை நடந்தால் ஐந்தாம் நாள் தனியாகப் போய்ச் சாப்பிடத் தோன்றும். பரீட்சையில் 6.5 எடுத்த பிள்ளை அறைக்குள் முடங்குவது இப்படித்தான்.

கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொள்வது வேறு, வாய்திறந்து பேசுவது வேறு என்பதைக் கனடாவின் மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985 இல் எடுத்துக்காட்டினார். அங்கே ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பல வருடங்கள் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியிலேயே படித்தார்கள். கேட்டு விளங்குவதில் மிகவும் தேர்ந்திருந்தார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் அந்தத் தேர்ச்சி வரவில்லை. ஒரு மொழியைத் தானே ஆக்கிச் சொல்ல முயலும்போதுதான் தன்னிடம் என்ன இல்லை என்பது ஒருவருக்குத் தெரியவருகிறது என்று ஸ்வெயின் வாதிட்டார். நீந்துவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

அமெரிக்கரான ஸ்ரீபன் கிராஷன் இன்னொரு பக்கத்தைச் சொன்னார். பயம், வெட்கம், பதற்றம் ஆகியவை ஒரு வடிகட்டி போல இருந்து, கேட்ட மொழி உள்ளே போய்த் தங்குவதைத் தடுக்கின்றன என்பது அவருடைய கருத்து. அவருடைய கொள்கையை எல்லோரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் வட்டத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்த எவரும் இந்த ஒரு விடயத்தை மறுக்கமாட்டார்கள்.

எங்களுக்கு அந்த வடிகட்டி கொஞ்சம் தடிப்பு. எங்கள் காலத்தில் சாதாரணதர ஆங்கிலம் எழுத்துப் பரீட்சையாகவே இருந்தது. இடைவெளி நிரப்பினோம், வசனம் மாற்றினோம், கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். வாய் திறந்து பிழை விட்டவர் வகுப்பின் பகிடிக்கு ஆளானார். தெற்கிலும் இதே கதைதான். சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்தை 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். வைத்திருப்பவர் மற்றவரை வெட்டும் ஆயுதம். அந்த வெட்டு வாங்கிய நினைவோடுதான் எங்கள் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள்.

வழிநடத்துபவர் ஆசிரியர் அல்லர்

புதிதாக வட்டம் நடத்துபவர் விடும் முதல் பிழை, தானே கதைப்பது. அமைதி வந்தால் பயந்து அதை நிரப்பப் பார்ப்பார். ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 60 நிமிடம், எட்டு மாணவர்கள். வழிநடத்துபவர் பாதி நேரம் கதைத்தால் மிச்சம் 30 நிமிடம். ஒருவருக்கு நாலு நிமிடம்கூட வராது. அதற்காக அவர் பஸ் ஏறி வந்திருக்கிறார். அதே எட்டுப் பேரை இருவர் இருவராகப் பிரித்து 20 நிமிடம் கதைக்க விட்டால், அந்த 20 நிமிடத்திலேயே ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய பத்து நிமிடம் கிடைக்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் முதலில் சோடிகளாகக் கதைக்க விட்டு, பிறகு வட்டமாகக் கூட்டுகிறார்கள். சோடியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததை வட்டத்தில் இரண்டாம் தடவை சொல்வது இலகு.

இரண்டாவது பிழை, காத்திருக்காமல் விடுவது. அமெரிக்காவில் விஞ்ஞான வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று செக்கன்களோ அதற்கு மேலோ ஆக்கியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாமல் இருக்கும் பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அவை தாய்மொழியில் நடந்த வகுப்புகள். இரண்டாம் மொழியில் பேசுபவர் கேள்வியை விளங்க வேண்டும், பதிலைத் தேட வேண்டும், அதை ஆங்கிலமாக்க வேண்டும், வாயைத் திறக்கத் துணிய வேண்டும். அவருக்கு மூன்று செக்கன் எந்த மூலைக்கு? நான் மனதுக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். முதல் வாரங்களில் அந்தப் பத்து மிக நீளமாக இருந்தது.

மூன்றாவது, விளங்காதபோது என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்காமல் விடுவது. எங்கள் பிள்ளைகள் விளங்காவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்து அப்படிச் செய்வார்கள். உண்மையில் பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 'சொரி, குட் யூ சே தற் அகெய்ன்?', 'டூ யூ மீன்...?' போன்ற நாலைந்து வசனங்களை முதல் நாளே எல்லோரும் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். இப்படி ஒருவருக்கொருவர் கேட்டு, திருப்பிச் சொல்லி, பொருளை உறுதிப்படுத்திக்கொள்ளும் நேரத்தில்தான் மொழி கூடுதலாக வளர்கிறது என்று மைக்கல் லோங் என்ற ஆய்வாளர் விளக்கினார். விளங்கவில்லை என்று சொல்வது தோல்வி அல்ல. பயிற்சியே அதுதான்.

எல்லோரும் தெரிந்தவர்களாகும் கேள்வி

நல்ல கேள்வி எது? பதில் சொல்பவர் தான் அந்த விடயத்தில் மற்றவர்களைவிடக் கூடத் தெரிந்தவர் என்று உணரும் கேள்வி. உலக வெப்பமயமாதல் பற்றிய உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால் இருவர் விவாதிப்பார்கள், ஆறு பேர் தலையைக் குனிவார்கள். உங்கள் வீட்டில் சோறு எப்படிச் சமைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்ட அன்று ஒரு மணி நேரம் போதவில்லை. ஈரானிய மாணவி சட்டியின் அடியில் பொன்னிறமாக முறுகும் 'தாதிக்' பற்றிச் சொன்னார். விருந்தில் அதற்குத்தான் போட்டியாம். எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் ஏச்சு விழும் என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஜப்பானிய மாணவர் ஒரு சந்தேகம் கேட்டார். ஆங்கிலத்தில் ஏன் எல்லாவற்றுக்கும் 'ரைஸ்' என்கிறார்கள்? அவர்களுடைய மொழியில் வயலில் நிற்பது 'இனே', சமைக்காதது 'கோமே', சமைத்தது 'கோஹன்'. நான் நெல், அரிசி, சோறு என்றேன். சீன மாணவர்களும் தங்கள் மூன்று சொற்களைச் சொன்னார்கள். சோறு சாப்பிடும் எங்கள் எல்லோரிடமும் இருக்கும் வேறுபாடு ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் இல்லை என்று ஆங்கிலத்திலேயே கண்டுபிடித்தோம். அதன் பிறகு அந்த மொழியின் முன்னால் யாரும் அவ்வளவாகக் கூனிக்குறுகவில்லை.

ஒரு பொருளையோ ஒரு செயலையோ சுற்றி அமையும் கேள்விகள் இப்படி வேலை செய்யும். உங்கள் ஊரில் மழை பெய்தால் பிள்ளைகள் என்ன விளையாடுவார்கள்? சந்தையில் விலை எப்படிப் பேசுவார்கள்? உங்கள் ஊரில் செய்யப்படும் ஒரு பொருளைச் சொல்லுங்கள். ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாத கேள்வியாகவும் இருக்க வேண்டும், ஒரு சின்னப் பதிலோடு தப்பிக்கொள்ள இடம் விடும் கேள்வியாகவும் இருக்க வேண்டும்.

எந்தப் பிழையைத் திருத்துவது?

பிழை விட்டவுடன் திருத்தினால் பேச்சு நிற்கும். திருத்தாமலே விட்டால் மாணவர் நான் ஏன் வந்தேன் என்று கேட்பார். இரண்டும் நியாயமே.

பல ஆசிரியர்கள் செய்வது, பிழையான வசனத்தைச் சரியாக மாற்றி, இயல்பாகத் திருப்பிச் சொல்வது. கனடாவில் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்ரரும் ரன்ராவும் 1997 இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஆசிரியர்கள் ஏனைய முறைகளைவிடக் கூடுதலாகப் பயன்படுத்தியது இதைத்தான். ஆனால் மாணவர் தன் பிழையைத் தானே திருத்திச் சொல்ல மிகக் குறைவாக வழிவிட்டதும் இதுதான். ஆசிரியர் தன்னைத் திருத்துகிறார் என்று பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. தான் சொன்னதை அவர் ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறது.

நான் கைக்கொள்ளும் வழி இது. கதைக்கும்போது குறுக்கிடுவதில்லை. ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று வசனங்களைப் பலகையில் எழுதுவேன். யார் சொன்னது என்று சொல்லமாட்டேன். எல்லோருமாகச் சேர்ந்து திருத்துவோம். அவற்றில் ஒன்றாவது நன்றாகச் சொல்லப்பட்ட வசனமாக இருக்கும்.

உச்சரிப்பிலும் தெரிந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது விளங்காமல் போகிறது என்று ஜெனிபர் ஜென்கின்ஸ் ஆராய்ந்து 2000 இல் நூலாக வெளியிட்டார். நாங்கள் பெரிதாகக் கவலைப்படும் 'திங்க்', 'தற்' என்பவற்றின் முதல் ஒலி பிசகினாலும் பெரும்பாலும் விளங்கிவிடுகிறது. குறில் நெடில் மாறினால் விளங்குவதில்லை. வசனத்தில் எந்தச் சொல்லை அழுத்துவது என்பது பிசகினாலும் விளங்குவதில்லை.

இதில் தமிழருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. குறிலும் நெடிலும் எங்கள் வாயில் பிறப்பிலேயே உண்டு. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', செம்மறியைக் குறிக்கும் 'ஷீப்' இரண்டும் எங்களுக்குக் குழம்பாது. பிற நாட்டவர் பலர் இதற்கு மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். எங்களுக்குச் சிக்கல் வேறிடத்தில். ஆங்கிலத்தின் இரண்டு தனி ஒலிகளுக்கு எங்கள் எழுத்தில் ஒரே 'ப' தான். உதட்டைப் பல்லில் தொட்டுச் சொல்லும் ஒலியையும் 'ப' ஆக்கித்தான் கோப்பி குடிக்கிறோம். அரபு மொழியில் 'பஸ்' என்பதன் முதல் ஒலி உண்டு, 'பேப்பர்' என்பதன் முதல் ஒலி இல்லை. ஆகவே சிரியரும் தமிழரும் வெவ்வேறு காரணத்தால் ஒரே இடத்தில் தடுக்குகிறார்கள். ஒரு தாள் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்து, எந்த ஒலிக்குக் காற்றில் அசைகிறது என்று சேர்ந்து பார்க்கலாம். இருவரும் சேர்ந்து சிரித்துப் பழகிய ஒலி மறப்பதில்லை.

போரைச் சுமந்து வருபவர்கள்

இனி, முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். வீடு, குடும்பம், சொந்த ஊர். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பேச்சுப் பரீட்சையின் முதல் பகுதியே இப்படியான பழகிய விடயங்களில்தான் தொடங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு இவை இலகுவான தலைப்புகள். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படியல்ல. அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு எந்தக் காலத்தில் வினைச்சொல்லைப் போடுவது என்று தெரியாத பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். இலக்கணம் தெரியாமல் அல்ல. அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதற்கே யாரும் பதில் தரவில்லை.

பெயரும் அப்படித்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. படிவத்தில் தந்தையின் பெயர் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பிறகு வகுப்பில் தந்தையின் பெயராலேயே கூப்பிடுவார்கள். காணாமல் ஆக்கப்பட்ட தந்தையின் பெயருக்கு நாளாந்தம் கையுயர்த்தும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆகவே எங்கள் வட்டத்தில் முதல் நாள் கேட்பது இதுதான்: "உங்களை நாங்கள் எப்படிக் கூப்பிட வேண்டும்?"

பிரித்தானியாவில் நவம்பர் மாதம் இன்னொரு சோதனை. 1605 இல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போட்ட சதி முறியடிக்கப்பட்டதை நினைத்து நவம்பர் 5 இல் வாணவேடிக்கை விடுகிறார்கள். முன்னும் பின்னும் பல இரவுகள் வெடிச்சத்தம் கேட்கும். புதிதாக வந்தவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் ஒக்ரோபர் கடைசியிலேயே வட்டத்தில் சொல்லிவிடுவேன். எந்த நாள், ஏன், எத்தனை மணி வரை என்றெல்லாம் கதைப்போம். ஒரு பண்பாட்டுத் தலைப்பாகவும் ஆகும், ஒருவருடைய நித்திரையையும் காக்கும். ஆறு நாள் கழித்து, நவம்பர் 11 இல், முதலாம் உலகப்போர் ஓய்ந்த மணியை நினைந்து நாடே இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். செந்நிறப் பொப்பிப் பூ எல்லோருடைய சட்டையிலும் இருக்கும். தன் இறந்தோருக்கு விளக்கேற்றவே பயந்த ஊரில் இருந்து வந்த பிள்ளை அதைப் பார்த்து எதை நினைக்கும் என்று வழிநடத்துபவர் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் பாதுகாப்பான தலைப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சோற்றைப் பற்றிக் கதைத்த அதே நாளில் அந்த நினைப்பு உடைந்தது. வட்டத்தில் குருநாகலில் இருந்து வந்த ஒரு சிங்கள மாணவியும் இருந்தார். அவர் மகிழ்ச்சியோடு கிரிபத் பற்றிச் சொன்னார். புத்தாண்டுக் காலையில் அம்மா காய்ச்சுவது, வாழையிலையில் பரப்பித் துண்டு துண்டாக வெட்டுவது எல்லாம் சொன்னார். 2009 மே மாதம் போர் முடிந்தது என்று அறிவித்தபோது தெற்கின் வீதிகளில் வெடி கொளுத்தி அதே பாற்சோற்றைப் பகிர்ந்தார்கள். நாங்கள் அப்போது செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் சோற்றுக்கு வரிசையில் நின்றோம். அந்த மாணவி அன்று சின்னப் பிள்ளை. அவருக்கு அது அம்மாவின் கைச்சோறு மட்டுமே. அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் பொய்யாகச் சிரிக்க முடியவில்லை.

"உங்கள் ஊரிலும் இது உண்டுதானே?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் "பாஸ்" என்றேன்.

அந்தச் சொல் சிரிய மாணவர் வராமல் போன பிறகு நான் கொண்டுவந்த விதி. எந்தக் கேள்விக்கும் யாரும் "பாஸ்" என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் கூடாது. முறை அடுத்தவருக்குப் போகும். வழிநடத்துபவருக்கும் இதே விதிதான். எந்தத் தலைப்பு யாரைக் குத்தும் என்று முன்கூட்டி யாராலும் அறிய முடியாது. ஆகவே தலைப்பை நம்பக்கூடாது. விலகிக்கொள்ளும் உரிமையைத்தான் நம்ப வேண்டும்.

வட்டம் முடிந்ததும் அந்த மாணவி வந்து, தான் ஏதும் பிழையாகச் சொன்னாரா என்று கேட்டார். இல்லை, அந்தச் சோறு எனக்கு வேறொன்றை நினைவூட்டியது, இன்னொரு நாள் சொல்கிறேன் என்றேன். இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்தது சோதனைச்சாவடிச் சிங்களம். 1987 இல் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. அந்தச் சொல்லின் பொருளை ஒரு நாற்காலி வட்டத்தில்தான் நான் கண்டேன். எவ்வளவு இணைக்கும், எவ்வளவு இணைக்காது என்பதையும் கண்டேன். அந்த 'இன்னொரு நாள்' இன்னும் வரவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு புதன்கிழமையும் தவறாமல் வந்தார்.

இன்னும் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒருவரைத் தன் நாட்டின் பேச்சாளராக்கக் கூடாது. "உங்கள் நாட்டில் யுத்தம் எப்படி?" என்பது உரையாடல் அல்ல, விசாரணை. வீசா நிலை, ஏன் வந்தீர்கள், எப்போது திரும்பிப் போவீர்கள் ஆகிய கேள்விகளை அதிகாரிகள் போதுமானளவு கேட்கிறார்கள். நாங்களும் கேட்கத் தேவையில்லை. ஆனால் ஒருவர் தானாகவே தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் தடுக்கவும் கூடாது. கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேளையில் இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. வழிநடத்துபவர் உளவளத்துணையாளர் அல்லர் என்பதையும் மறக்கக் கூடாது. பல்கலைக்கழகங்களில் அதற்கென்று மாணவர் ஆலோசனைப் பிரிவுகள் உண்டு. அங்கே போகும் வழியைக் காட்டுவதும், விரும்பினால் கூடப் போவதும் எங்களால் முடிந்த உதவி.

ஒரு மணி நேரம் எப்படிப் போக வேண்டும்

முதல் பத்து நிமிடம் தேநீரும் சுகம் விசாரிப்பும். அடுத்து, தலைப்பை ஒன்றாகச் சொல்லாமல் இரண்டாகச் சொல்ல வேண்டும். விரும்பியதை ஒவ்வொருவரும் தெரிந்தெடுக்கட்டும். இரண்டு நிமிடம் மௌனமாக யோசிக்க விடுங்கள். சொற்களைக் குறித்துக்கொள்ளலாம், முழு வசனம் எழுதக் கூடாது. பிறகு 20 நிமிடம் சோடியாக, பாதியில் சோடியை மாற்றி. அடுத்த 15 நிமிடம் வட்டமாக. இங்கே ஒவ்வொருவரும் தன்னுடையதைச் சொல்லாமல், சோடியிடம் கேட்டதில் சொல்லலாம் என்று அவர் அனுமதித்ததைச் சொல்ல வேண்டும். இதனால் கேட்கும் பயிற்சியும் கிடைக்கும். மிச்ச நேரத்தில் பலகையில் மூன்று வசனமும், அடுத்த வாரத் தலைப்பும். தலைப்பு முன்கூட்டித் தெரிந்தால், வருவதா விடுவதா என்று தீர்மானிக்க ஒருவருக்கு ஒரு வாரம் இருக்கும்.

எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாக்குங்கள். ஒரே மொழி பேசுபவர்களை அருகருகே இருத்தாதீர்கள். கூடக் கதைப்பவருக்கு நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். கதைக்காமல் வந்து கேட்டுவிட்டுப் போகிறவரை விரட்டாதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு கட்டம்.

எங்கள் ஊரில்

இந்த வட்டத்துக்கு வெள்ளைக்காரர் தேவையில்லை. ஆங்கிலேயர் ஒருவரும் இல்லாத எங்கள் மேசையில்தான் நல்ல உரையாடல்கள் நடந்தன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மூதூரிலோ ஒரு நூலக மண்டபமும் ஆறு கதிரைகளும் வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும். உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வெளிநாடு போகப் போகிறவருக்கு மட்டும் உரியதும் அல்ல இது. கொழும்பில் நேர்முகத்தேர்வுக்குப் போகிறவருக்கும், ஒரு சர்வதேச நிறுவன அதிகாரியிடம் தன் முறைப்பாட்டை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தானே சொல்ல விரும்பும் தாய்க்கும் இது வேண்டும். அந்தத் தாய் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தானே தீர்மானிக்கட்டும்.

அந்தச் சிரிய மாணவர் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அன்றைய தலைப்புகளில் ஒன்று, உங்கள் ஊரில் செய்யப்படும் ஒரு பொருள். அவர் அலெப்போ சவர்க்காரத்தைத் தெரிந்தெடுத்தார். ஒலிவ் எண்ணெயையும் ஒருவகை மரக்காயின் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, நிலத்தில் ஊற்றி, வெட்டி, மாதக்கணக்கில் காற்றில் உலரவிடுவார்கள் என்றார். வெளியே மங்கிய பழுப்பு, வெட்டினால் உள்ளே பச்சை என்றார். எண்ணெயின் பெயர் ஆங்கிலத்தில் வரவில்லை. தொலைபேசியில் தேடினார். நாங்கள் காத்திருந்தோம். பன்னிரண்டு நிமிடம் கதைத்தார். நான் ஒரு பிழையையும் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.